டெம்போ எங்க போகுதுன்னு கேளுங்க

வணக்கம். அடுப்படியில நின்னு கேக்குறவங்க, ரப்பர் பால் வெட்டிட்டு வந்து காப்பி குடிச்சிட்டே கேக்குறவங்க, எல்லாருக்கும் சேத்து ஒரு வணக்கம். வீட்டையும் புரையிடத்தையும், அதான் வீட்டச் சுத்தியுள்ள எடத்தையும், ஆள் விட்டு சுத்தம் பண்றதப் பத்தி ரேடியோவுல பேசச் சொல்லிருக்காங்க. இதுல பேச என்ன இருக்கு, ஆளக் கூப்பிட்டோமா கூலி குடுத்தோமான்னு போவ வேண்டியதுதானேன்னு நினைப்பீங்க. ஆனா எனக்கு இதுல ரொம்ப நாளாவே ஒரு பைத்தியம் உண்டு. யார் வீட்டு முன்னால குப்பை ஏத்திட்டு டெம்போ நின்னாலும், இது எங்க போகுதுன்னு போய் கேட்டுருவேன். வீட்ல உள்ளவங்களுக்கு மானம் போகுது, என்ன செய்ய.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஆனி ஆடியில ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு. பத்து சென்ட் இடத்த ஒரு மழைக்கு பாக்காம விட்டா இடுப்பளவுக்கு புல்லு நிக்கும். பிள்ளைங்க வெளிநாட்டுல, வீட்ல வயசானவங்க மட்டும், அப்படி எத்தனை வீடு இருக்கு. அவங்களா குனிஞ்சு வெட்ட முடியும்? ஆள் விடத்தான் வேணும், அதுல தப்பே இல்ல. ஆனா நாம பேசுறது பூரா ரேட்டு மட்டும்தான். எவ்வளவு, எத்தனை ஆளு, சாயங்காலத்துக்குள்ள முடியுமா. ஏத்துறத எங்க கொண்டு இறக்குவீங்கன்னு ஒரு ஆளு கேக்க மாட்டாங்க.

ஒரு கதை சொல்றேன், என்ன தெரிஞ்சவங்க பல தடவை கேட்டிருப்பாங்க, பொறுத்துக்கிடுங்க. எங்க பக்கத்துல ஒரு அண்ணாச்சி, பேரு வேண்டாம், மகளுக்கு கல்யாணம். கல்யாணம் முடிஞ்சு பாத்தா வீடு நிறைய பேப்பர் கப்பு, தெர்மோகோல், பெயின்ட் டப்பா, பழைய மெத்தை ஒண்ணு, மிச்சம் வந்த கல்யாண லெட்டர் ஒரு கட்டு. உள்ளூர்க்காரரு ஒருத்தரு வந்து பாத்து, பிரிச்சு எடுக்கணும், ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு எடத்துல சேக்கணும்னு ஒரு தொகை சொன்னாரு. அண்ணாச்சி ரேட்டு பேசுறதுல பெரிய ஆளு. அது கூடுதல்னு அவர அனுப்பிட்டு, பாதிக்கு வாறேன்னு சொன்ன ஒரு வண்டியப் பிடிச்சாரு. அவங்க வந்தது ராத்திரி பத்து மணிக்கு மேல. குப்பை அள்ள எதுக்கு ராத்திரி வரணும், அதையாவது கேட்டிருக்கலாம், கேக்கல. முற்றம் பளிச்சுன்னு ஆச்சு, நிம்மதியா படுத்துட்டாரு.

மறுநாள் மத்தியானம் வாசல்ல நாலஞ்சு பேரு, ஆளுக்கொரு கல்யாண லெட்டர் கையில. இவரு தூரத்து சொந்தம்னு நினைச்சு, "வாங்க வாங்க, கல்யாணத்தப்போ ஆளக் காணலியே"ன்னு நாற்காலிய எடுத்துப் போடுறாரு. அதுல மூத்தவரு உக்காரவே இல்ல. "எங்களுக்கு கல்யாணச் சோறு போடல, எச்சி கப்ப மட்டும் எங்க குளத்துக்கு அனுப்பி வச்சிருக்கீங்க"ன்னாரு. எனக்கு இத சொல்லும்போது இப்பவும் சிரிப்பு வரும், ஆனா அந்த அண்ணாச்சிக்கு முகத்துல ஈயாடல. லெட்டர்ல பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் தங்க எழுத்துல அடிச்சிருக்குலா! அப்புறம் வேற வண்டி பிடிச்சு, ஆளுக்கு கூலி குடுத்து குளத்துக்குள்ள இறங்கி அள்ளி, அந்த மெத்தை தண்ணி குடிச்சு நாலு பேரு சேந்தும் கரையேத்த முடியல. கடைசியில மொதல்ல வந்தவரு கேட்டத விட கூடுதல் ஆயிட்டு.

அதனால மறுபடியும் சொல்றேன், ரேட்டுக்கு முன்னாடி எடத்தக் கேளுங்க. வண்டி நம்பரையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க, நினைக்கிற ஆளா இருந்தா அந்த ஆளே வேண்டாம். எல்லையில உள்ள களியக்காவிளை வழியா கேரளாக் கழிவு ஏத்திட்டு வர்ற வண்டிய பிடிச்சாங்கன்னு பேப்பர்ல பாத்தா நமக்கு எவ்வளவு கோவம் வருது, நியாயமான கோவம்தான். ஆனா நம்ம வீட்டு லோடு அனந்தனார் கால்வாய்க் கரையிலயோ பழையாத்துலயோ இறங்குனா அது மட்டும் என்ன? 2016ல வந்த திடக்கழிவு விதியிலயே தெளிவா சொல்லியிருந்தாங்க, வீட்டுக்காரங்க மக்குறது, மக்காதது, பெயின்ட் டப்பா ட்யூப் லைட்டு மாதிரி ஆபத்தானதுன்னு மூணா பிரிச்சுத்தான் குடுக்கணும், ரோட்டுலயோ பொது எடத்துலயோ தண்ணியிலயோ போடவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாதுன்னு. தமிழ்நாடு முழுக்க 2019ல பிளாஸ்டிக் தடை வர்றதுக்கு பல வருசம் முந்தியே பிளாஸ்டிக் பைய விலக்குன மாவட்டம் நம்ம மாவட்டம், அது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொண்ணு, காசு குடுத்து அனுப்புற லோடுல பாதிக்கு மேல அனுப்பவே வேண்டாத சாமான். சவறு, அதான் காஞ்ச இலை சருகு, ஓலை, மட்டை, தேங்கா உரிச்ச கதம்பை. இத எதுக்குங்க வண்டியில ஏத்துறீங்க? வேலைக்கு வர்றவங்க கிட்டயே சொல்லி தென்னை மூட்டுல வட்டமா தடம் எடுத்து சவறப் போட்டு மூடச் சொல்லுங்க, கதம்பைய குழியில அடுக்கி மண்ணு போட்டா கோடையில ஈரம் நிக்கும். ஆனா செத்த தென்னந்தடிய மட்டும் மூலையில மக்க விடாதீங்க, காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை போடும், அப்புறம் நல்லா நிக்கிற தென்னையோட குருத்துக்குள்ள போவும். 2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்சப்போ எத்தனை தென்னை, எத்தனை ரப்பர் சாஞ்சு கிடந்துச்சுன்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ரப்பர் விளை வச்சிருக்கவங்க, குலசேகரம், திருவட்டாறு பக்கம் கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டு இல்லாத நாள்ல பால் எடுக்குற சிரட்டையக் கவுத்தி வைக்கச் சொல்லுங்க. டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு சிரட்டை மழைத் தண்ணி போதும், ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவா பறந்துரும்.

வேலைக்கு வர்றவங்களப் பத்தியும் சொல்லணும். பழைய செங்கல், ஓலைக் குவியல்ல கைய வைக்கிறதுக்கு முன்ன கம்பால தட்டச் சொல்லுங்க, உள்ள பாம்பு கிடக்கும். உடைஞ்ச கண்ணாடிய பேப்பர்ல நல்லா சுத்தி, மேல கண்ணாடின்னு எழுதிக் குடுங்க, பிள்ளைங்க டயப்பரையும் அப்படித்தான். கையுறை நீங்களே ஒரு ஜோடி வாங்கி வச்சா குறைஞ்சா போயிருவீங்க? கரண்டு கம்பி மேல கொம்பு கிடந்தா அத அவங்கள வெட்டச் சொல்லாதீங்க, மொதல்ல இ.பி. ஆபீஸ்ல சொல்லி லைன ஆஃப் பண்ணிட்டுத்தான் மத்தது. டீ வாங்கிக் குடுக்கிறது நான் சொல்லியா தெரியணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கைய காட்டுறாங்க, நேரம் ஆயிட்டாம். செப்டிக் டேங்க் பத்தி தனியா பேசணும்னு வச்சிருந்தேன், சட்டுன்னு சொல்லிடறேன். முற்றம் சுத்தம் பண்ண வந்த ஆளையே, "அப்படியே இதையும் பாத்துருப்பா"ன்னு தொட்டிக்குள்ள இறக்காதீங்க, உள்ள இருக்குற வாயு ஒரு மூச்சுல ஆளக் கொன்னுரும். கையால மலம் அள்ள வைக்கிறதத் தடுக்கிற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆள இறக்குனா, இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் ரெண்டு வருசம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். உரிமம் உள்ள லாரியக் கூப்பிடுங்க, அதுவும் எங்க கொண்டு கொட்டுதுன்னு கேளுங்க. செப்டிக் டேங்க் சுத்தம் பண்றதுக்கான உதவி போன் நம்பர் 14420, எழுதிக்கிடுங்க, ஒண்ணு, நாலு, நாலு, ரெண்டு, பூஜ்யம். வணக்கம்.