இரண்டு தீ சேரும்போது என்ன ஆகிறது? காட்டுத்தீயும் எல்லை தாண்டிய உதவியும்

[திரையில்: ஆய்வகம். பெரிய மேசை, மேலே வைக்கோல்]

இந்த மேசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே பரப்பியிருப்பது வெறும் காய்ந்த வைக்கோல். ஒரு முனையில் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து கத்தரிக்கோலின் அலகுகள் மாதிரி விரியும் இரண்டு கோடுகளில் தீ வைக்கிறார்கள். இரண்டும் அதனதன் போக்கில் மெதுவாக நகரும் என்றுதான் நினைப்போம். ஆனால் அவை சேரும் முனை மட்டும் திடீரென்று முன்னால் பாய்கிறது! நடுவில் மாட்டிய வைக்கோலை இரண்டு பக்கத்து அனலும் ஒன்றாகத் தாக்குவதால், வெளியிலிருந்து காற்று வீசாவிட்டாலும் இது நடக்கும். கோணம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு வேகம், அப்புறம் கோணம் அகல அகல வேகம் அடங்கிவிடும்.

இது போர்த்துகலின் லோசா ஊரில், கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தோடு இணைந்த காட்டுத்தீ ஆய்வகத்தில் செய்கிற சோதனை. அந்தக் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவர் டொமிங்குஷ் ஷவியேர் வியேகஷ். இயந்திரவியல் பேராசிரியர்.

சரி, வைக்கோலை எரித்துப் பார்ப்பதால் களத்தில் இருப்பவருக்கு என்ன லாபம்? நிறைய. அமெரிக்காவில் ரிச்சர்ட் ராதர்மெல் 1972இல் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. எரிபொருள், காற்று, சரிவு மூன்றையும் கொடுத்தால் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லிவிடும். அது நல்ல கருவிதான், ஆனால் காற்றும் சரிவும் மாறாதவரை வேகமும் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. கொயிம்ப்ரா குழு திரும்பத் திரும்பக் காட்டியது இதற்கு நேர்மாறானது: தீ தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதிலும் குறுகிய மலையிடுக்கில் ஏறும் தீ, வெளிக்காற்று கூடாமலேயே நிமிடத்துக்கு நிமிடம் வேகமெடுக்கும். இப்போதைய வேகத்தை வைத்து, தப்பிக்க இவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடும் தீயணைப்பு வீரருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

2017 ஜூன் 17, போர்த்துகலின் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் காட்டுத்தீ. 66 பேர் இறந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டோர் தப்பியோடும்போது சாலையிலேயே. அரசு கேட்டு விசாரித்த வியேகஷ் குழு, இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்றோடு, இரண்டு தீ ஒன்றாகச் சேர்ந்ததையும் முக்கியமாகச் சுட்டிக்காட்டியது. மேசையில் கண்டது ஒரு மலைப்பகுதி முழுக்க நடந்திருக்கிறது. இந்த அறிவு ஆய்விதழ்களோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு களத் தலைவரின் பயிற்சியிலும் இருக்க வேண்டும் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன்.

[திரையில்: ஐபீரியத் தீபகற்ப வரைபடம்]

அந்த ஜூன் தீயின்போது ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து விமானங்கள் உதவிக்கு வந்தன. அக்டோபர் 15 அன்று நிலைமை வேறு. ஒஃபீலியா புயல் இழுத்த காற்றில் போர்த்துகலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினின் கலீசியாவும் ஒரே நாளில் எரிந்தன. பக்கத்து வீட்டிலும் தீ என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த ஆண்டு கற்றுக்கொடுத்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ரெஸ்க்யூ என்ற, தீயணைப்பு விமானங்கள் போன்றவற்றின் பொது இருப்பை உருவாக்கியது. 2022 முதல் கோடையில் கிரீஸ் போன்ற இடங்களுக்கு மற்ற நாட்டு வீரர்களை முன்கூட்டியே அனுப்பி நிறுத்துகிறார்கள்.

ஆனால் முன்கூட்டியே நிறுத்த, எங்கே ஆபத்து அதிகம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டுமே? ஐரோப்பா முழுமைக்குமான முன்னறிவிப்பில், கனடாவில் உருவான தீ வானிலைக் குறியீடு பயன்படுகிறது: வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை நான்கையும் வைத்துக் கணக்கிடும் எண். எல்லையின் இரண்டு பக்கமும் அந்த எண்ணுக்கு ஒரே பொருள். 2021இல் தொடங்கிய ஃபயர்யூரிஸ்க் திட்டம் அதையும் தாண்டி, வீடுகள், மக்கள், காடு எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தை அளக்கப் பார்த்தது. ஒருங்கிணைத்தது அதே கொயிம்ப்ரா குழுதான்.

[திரையில்: குழாய் இணைப்புகள், அருகில்]

இதையும் பாருங்கள், யாரும் பேசாத விஷயம். தண்ணீர்க் குழாயின் முனையில் இருக்கும் இணைப்பு ஜெர்மனியில் ஒரு மாதிரி, பிரான்சில் வேறு மாதிரி, ஸ்பெயினில் இன்னொரு மாதிரி. 2022 ஆகஸ்டில் பிரான்சின் ஜிரோந்து காடுகளில் ஜெர்மனி, போலந்து, ருமேனியா வீரர்கள் பிரெஞ்சு வீரர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அடாப்டர் கையில் இல்லாவிட்டால், எல்லை தாண்டி வந்த வண்டிக்கு உள்ளூர் வண்டியிலிருந்து தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கூட்டுப் பயிற்சியிலும் முதல் வேலையாகக் குழாய்களை மாட்டிப் பாருங்கள், ரேடியோவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பாருங்கள்.