யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

வணக்கம் நேயர்களே.

அலுவலகத்தில் சம்பளத்தை வைத்து ஆணும் பெண்ணும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. அது ஒப்பந்தத்திலோ அரசாணையிலோ அச்சாகி இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று வெளிப்படையாக எழுத முடியாதபடி 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. மனக்கசப்பெல்லாம் சம்பளத்துக்கு வெளியே இருக்கிற சமாச்சாரங்களில்தான். ஓவர்டைம் யாருக்கு? பயிற்சிக்கு வெளியூர் போவது யார்? ஸ்பெஷல் அலவன்ஸ் வருகிற சீட் யாருக்கு? தீபாவளிக்கு முந்தின நாள் லீவு யாருக்கு? இதெல்லாம் டீ குடிக்கிற நேரத்தில் நாலு பேர் பேசி முடிவாகிவிடும். அந்த நாலு பேரில் பெரும்பாலும் ஒரு பெண்கூட இருக்க மாட்டார்.

நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, ஊழியர் சங்க வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன்.

வங்கியில் அரையாண்டுக்கு ஒருமுறை குளோசிங், அதாவது கணக்கு முடிப்பு. பேரேடுகளைக் கையால் எழுதிய காலத்தில் அது ஒரு திருவிழாவும் தலைவலியும் சேர்ந்த நாள். சேவிங்ஸ் கணக்குகளுக்கு வட்டி போட்டு, நிலுவைகளைக் கூட்டி, பொதுப்பேரேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் இடித்தால் போதும், பக்கம் பக்கமாகத் திரும்பவும் தேட வேண்டியதுதான். ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். ஆனால் மாலை ஆறு மணி அடித்ததும் மேலாளர் எழுந்து வந்து, "லேடீஸ் எல்லாரும் கிளம்புங்கம்மா, இருட்டிடும். நாங்க பார்த்துக்கறோம்" என்பார். நல்ல மனதோடு சொன்னதுதான், அதில் சந்தேகமே இல்லை. நாங்களும் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிப்போம். மறுநாள் காலை வந்து பார்த்தால், குப்பைக் கூடையில் புரோட்டா பார்சல் கட்டிவந்த இலை கிடக்கும். அடுத்த சம்பளத்தில் ஓவர்டைம் பணம் அவர்களுக்கு வந்திருக்கும், எங்களுக்கு வந்திருக்காது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த ராத்திரியில்தான் ஒருவர் பேலன்சிங், அதாவது கணக்கை ஒத்துப் பார்க்கிற வேலையை, கற்றுக்கொள்கிறார். இடிக்கிற தொகையை எப்படித் தேடுவது, எந்தப் பதிவேட்டில் முதலில் கை வைப்பது என்பதெல்லாம் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். ரெண்டு வருஷம் கழித்துப் பொறுப்பான சீட் ஒன்று காலியானால், "அந்தம்மாவுக்கு பேலன்சிங் தெரியாதே" என்பார்கள். ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினால் எப்படித் தெரியும்?

எண்பதுகளின் பிற்பகுதியில், கையால் எழுதிய பேரேட்டுக்குப் பதிலாகக் கணக்குகளைப் பதிகிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. அதில் உட்காருகிறவருக்குத் தனி அலவன்ஸ். "மெஷின் எல்லாம் லேடீஸுக்கு எதுக்கு?" என்று அப்போதும் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் கிளையில் அதுவரை டைப்ரைட்டரில் விரல் தேய்ந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

கிளைக் கூட்டத்தில் ஒருமுறை இதைப் பேசினோம். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தனக்கு ஓவர்டைம் வேண்டாம் என்று ஒரு அக்கா சொன்னார். சரி, அது அவர் விருப்பம். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். கிளையிலேயே அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டது அவருக்குத்தான். "எனக்கு இருட்டைப் பத்திப் பயமில்லை சார், கடைசி பஸ் போயிடும், அவ்வளவுதான்" என்றார். கடைசியில் தாமதமாக இருக்கிற பெண்களுக்கு ஆட்டோ வாடகைக்கு ஒரு வவுச்சர் போடுவது என்று முடிவானது. இத்தனை வருஷமும் தடையாக இருந்தது அந்த ஆட்டோ வாடகைதான் என்றால் சிரிப்பதா அழுவதா?

நம்ம ஊர் வங்கிக் கிளையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஏர் இந்தியா விமானங்களில் பணிப்பெண்ணின் முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 1981-இல் ரத்து செய்தது. அது நிர்வாகம் போட்ட விதி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. விமானத்துக்குள் ஊழியர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு நீண்டகாலம் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 2005 கடைசியில் அதைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது நிர்வாகம். எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் யார் தெரியுமா? கூடவே பறக்கிற ஆண் ஊழியர்கள். 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் 2011-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். ஒரே டிராலியைத் தள்ளுகிறவர்கள், ஒரே ஹோட்டலில் தங்குகிறவர்கள். அந்தப் பெண் தன் கீழ் வேலை பார்த்தால் சரி, தனக்கு மேலே வந்தால் மட்டும் வழக்கு.

இன்னொரு முணுமுணுப்பும் உண்டு. "பிரசவ லீவு 26 வாரம். அவங்க வேலையையும் நாங்கதானே பார்க்கணும்?" என்பார்கள் ஆண்கள். இதை வெறும் பொறாமை என்று நான் தள்ள மாட்டேன். மூன்று பேர் பார்த்த கவுண்டரை ஆறு மாதம் இரண்டு பேர் பார்த்தால் முதுகு ஒடியத்தான் செய்யும். ஆனால் பதிலுக்கு ஆள் போடாதது நிர்வாகம். அதைக் கேட்டுச் சங்கத்தில் தீர்மானம் போடுவதை விட்டுவிட்டு, லீவில் இருக்கிற பெண் திரும்பி வந்ததும் முகம் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்?

பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை என்கிற பார்வையால் ஆண்களுக்கும் இழப்பு இருக்கிறது. மத்திய அரசு ஊழியரான தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கிற தகப்பனுக்கும் அது கிடைக்கும். மனைவி இருக்கிற தகப்பனுக்குக் கிடையாது. பிள்ளை பிறந்தபோது கிடைக்கிற 15 நாளோடு சரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆண் லீவு கேட்டால், "ஏன், வீட்டுல அம்மா இல்லையா?" என்று கேட்பது அதிகாரி மட்டுமல்ல, பக்கத்து சீட்காரரும்தான். அதேபோல, கல்யாணம் ஆகாதவர் என்றால் பண்டிகை நாள் டியூட்டி அவர் தலையில்தான். அவருக்கும் ஊரில் அம்மா அப்பா காத்திருப்பார்கள் என்று யோசிப்பதில்லை.

(இடையில் ஒரு விஷயம். வருஷாந்திர விழாவில் ஆண்களுக்கு பிரீஃப்கேஸ், பெண்களுக்கு ஹாட்பேக் கொடுத்த அலுவலகம் ஒன்று உண்டு. பரிசு வாங்கப் போன கமிட்டியில் யார் யார் இருந்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

இதற்குப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம் என்பது என் அனுபவம். ஓவர்டைம், பயிற்சி, வெளியூர் டூர், பண்டிகை லீவு எதுவானாலும் பணிமூப்பு வரிசையில் எல்லார் பெயரும் போட்டு ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முறை வந்தவரிடம் நேரில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அடுத்தவருக்குப் போகட்டும். ஒருமுறை மறுத்தார் என்பதற்காக அவர் பெயரை எடுத்துவிடாதீர்கள். இன்றைக்குக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுத்தவர், மூன்று வருஷம் கழித்து ஹைதராபாத் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெட்டி கட்டுவார். மாமியாருக்காக ஓவர்டைம் வேண்டாம் என்ற அந்த அக்காவும் பிற்பாடு மார்ச் குளோசிங்குக்கு இருந்தார். புரோட்டா பிடிக்காது, எனக்கு இட்லி சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.