லாரா மார்லிங்: பிறந்த வீடா, எடுத்த முடிவா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் இண்டி ஃபோக், அதாவது நாட்டுப்புறச் சாயல் கொண்ட இன்றைய சுயாதீன இசைப் பாடகி லாரா மார்லிங்கை உருவாக்கியது பிறந்த வீடா, அவர் எடுத்த முடிவுகளா என்பதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் அந்த வீட்டுப் பெருமையை அடுக்கிக்கொண்டே போனார். அப்பா ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்தியவர். 'சர்' என்று பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பம். ஹாம்ப்ஷயரில் வளர்ந்தவர், ரெடிங்கில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளியில் படித்தவர், அப்பாவிடமே கித்தார் கற்றவர். "இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தால் யார்தான் பாடமாட்டார்கள்?" என்று கேட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயா, ஒரே ஒரு தகவலை விட்டுவிட்டீர்கள். அந்த வீட்டில் மூன்று பெண்கள். லாரா கடைக்குட்டி. மூன்று பேருக்கும் அதே அப்பா, காதில் விழுந்ததும் அதே கித்தார்ச் சத்தம். வீடுதான் காரணம் என்றால் நடுவர் அவர்களே, நமக்கு மூன்று லாரா மார்லிங் கிடைத்திருக்க வேண்டும்! கிடைத்தது ஒருவர்தானே?

வீடு ஒன்றுமே தரவில்லை என்று வாதாட நான் வரவில்லை. அந்த விரல்களைப் பழக்கியது வீடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 16 வயதில் கித்தாரோடு லண்டனுக்குப் போனது யார் முடிவு? லண்டனின் சோஹோ பகுதியில் ஒருநாள், வயது போதாது என்று அவருடைய கச்சேரிக்கே அவரை உள்ளே விடவில்லை. அந்தப் பெண் "எங்கப்பா யார் தெரியுமா?" என்று கேட்டு நிற்கவில்லை. வெளியே நடைபாதையிலேயே நின்று பாடினார். எதிரணி சொல்லும் பட்டம் அந்த வாசலில் செல்லுபடியாகவில்லை, பாருங்கள்.

அப்புறம் 2008. 'நோவா அண்ட் த வேல்' என்ற இசைக்குழுவில் அவரும் இருந்தார். குழுவுக்கு நல்ல காலம் பிறக்கிற நேரம். அந்த ஆண்டே அவர்களுடைய ஒரு பாட்டு பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. ஓடுகிற வண்டியிலிருந்து யாராவது இறங்குவார்களா? இவர் இறங்கினார். 18 வயது நிரம்பிய சில நாட்களிலேயே தனி ஆல்பம் வெளியிட்டார். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரும் மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலுக்கு அது போனது. அதற்குப் பிறகு 2010, 2013, 2020 என்று, இதோடு சேர்த்து மொத்தம் நான்கு முறை அந்தப் பட்டியலில் பெயர் வந்தது, ஒரு முறையும் விருது வரவில்லை. 2011இல் பிரிட்டன் இசைத்துறையின் பிரிட் விருது வந்தது, சிறந்த பெண் தனிப்பாடகி என்று. சரி, விருதுக் கணக்கு இதோடு போதும். அதை வைத்து எந்த அணியும் ஜெயிக்க முடியாது.

இன்னொருவரைப் பார்ப்போம். ஆரம்ப நாட்களில் லாராவுக்கு டிரம்ஸ் வாசித்த பையன் பெயர் மார்கஸ் மம்ஃபர்ட். ஆமாம், 'மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ்' இசைக்குழுவின் மார்கஸேதான். ஒரே மேற்கு லண்டன் வட்டத்துப் பிள்ளைகள். 2013இல் அந்தக் குழு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையே வாங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் ஸ்டேடியம் நிரப்புகிற நேரத்தில் லாரா என்ன செய்தார்? அதே ஆண்டு 16 தடங்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற ஆல்பம் ஒன்றைக் கொடுத்தார். அதில் முதல் நான்கு பாட்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. தம்புரா மாதிரி ஒரு சுருதி அடியில் நின்றுகொண்டே இருக்க, ஒரு பாட்டு அடுத்ததில் கரைகிறது. ரேடியோக்காரர் எங்கே வெட்டி ஒலிபரப்புவார்? சந்தை கேட்டதும் இல்லை, வீடு சொல்லிக்கொடுத்ததும் இல்லை. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அதுதான்.

உச்சத்துக்குப் பிறகு வந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் போய்க் குடியேறினார். அடுத்த ஆல்பத்துக்கு வேலை செய்தார். பிடிக்கவில்லை, மொத்தமாகத் தூக்கிப் போட்டார். சில மாதம் இசையையே விட்டு ஒதுங்கினார். 2015இல் வந்த ஆல்பம் வேறு. அதில் எலெக்ட்ரிக் கித்தார் உறுமுகிறது, தயாரிப்பும் அவரே. நடுவர் அவர்களே, ஆரம்பிப்பதற்கு வீடு உதவலாம். முடித்ததைக் கிழித்துப் போட எந்த வீடு கற்றுத்தரும்? நம் வீடுகளில் ஒரு தோசை கருகினாலே "பரவாயில்லை, சாப்பிடு" என்றுதானே சொல்வார்கள்!

2020 வருகிறது. கொரோனாவால் பல கலைஞர்கள் ஆல்பங்களைத் தள்ளிப்போட்டார்கள். இவருடையது ஆகஸ்டில் வரவேண்டியது, முன்னால் இழுத்து ஏப்ரலிலேயே வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் கித்தார் பாடமும் எடுத்தார், கித்தார்க் கம்பிகளுக்குத் தான் எப்படிச் சுருதி கூட்டுகிறார் என்பதை மறைக்காமல். வித்தையைப் பொத்தி வைப்பவர்களை நாம் பார்க்காததா? ஜூனில் லண்டன் இஸ்லிங்டனில் உள்ள யூனியன் சாப்பல் தேவாலயத்தில், ஆளே இல்லாத மண்டபத்தில் பாடி டிக்கெட் போட்டு இணையத்தில் ஒளிபரப்பினார்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு விஷயம்.

எனக்கு அடுத்துப் பேசப்போகும் எதிரணிச் சகோதரி கையில் 2024 ஆல்பத்தை வைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. மகள் பிறந்த பிறகு, கைக்குழந்தை பக்கத்தில் இருக்க வீட்டிலேயே பதிந்த பாட்டுகள். டிரம்ஸே கிடையாது, முதல் பாட்டில் குழந்தைச் சத்தமும் கேட்கும். "பார்த்தீர்களா, கடைசியில் வீட்டுக்குத்தானே வந்தார்" என்பார். அதில் லாராவின் அப்பா எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது என்றும் சொல்வார். உண்மைதான். வயதான பிறகு திரும்பிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று இளைஞராக இருந்தபோது அவர் கற்பனை செய்து எழுதியது.

சொல்லுங்கள் சகோதரி. கூடவே இதையும் சொல்லுங்கள்: குடும்பப் பட்டம் அந்த அப்பாவுக்கும் இருந்தது. ஸ்டுடியோவே அவருடையதுதான். பிறகு ஏன் அந்தப் பாட்டு, மகள் அதைப் பாடுவது என்று முடிவு செய்யும்வரை இத்தனை காலம் காத்துக் கிடந்தது?