சுரைக்காய் ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நடுவர் அவர்களே, வணக்கம். சமூக உரிமைகளும் தொழிலாளர் உரிமைகளும் அரசியலமைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி. 'சாதாரணச் சட்டமே போதும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று எதிரணி நண்பர் சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்தச் சுரைக்காய் ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் பார்த்தாரா?

இந்திய அரசியலமைப்பைப் புரட்டுங்கள். பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று 1950இலேயே 45ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அது இருந்த இடம், வழிகாட்டு நெறிகள். அங்கே இருக்கும் எதையும் நீதிமன்றம் மூலம் அமலாக்க முடியாது என்று 37ஆவது பிரிவு கதவைச் சாத்திவிட்டது. பத்தாண்டு போனது, ஐம்பதாண்டும் போனது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்து 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் பிறந்தது. அதே சுரைக்காய்தான், பக்கம் மாறியது! தொழிலாளிக்கு வாழத் தகுந்த கூலி பற்றிய 43ஆவது பிரிவு இன்னும் பழைய பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே மாற்றிவிடும். மெக்சிகோக்காரர்கள் விவரமானவர்கள். எட்டு மணி நேர வேலையையும் வேலைநிறுத்த உரிமையையும் 1917லேயே அரசியலமைப்பின் 123ஆவது பிரிவில் எழுதிவிட்டார்கள்.

சரி, காசுக்கு எங்கே போவது? தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, வீடு, மருத்துவம் போன்ற உரிமைகளை 'இருக்கும் வளத்துக்குள், படிப்படியாக' நிறைவேற்று என்றுதான் அரசிடம் கேட்கிறது. எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும் நெவிராபின் மருந்தை, தயாரித்த நிறுவனமே ஐந்தாண்டுக்கு இலவசமாகத் தர முன்வந்தது. அப்படியும் அரசு அதைச் சில மையங்களுக்குள் பூட்டி வைத்தது. 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பூட்டை உடைத்தது. அங்கே குறைந்தது காசா, நடுவர் அவர்களே?

எதிரணி எடுப்பதற்குள் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். அதே நாட்டில் 2000இல் வீட்டுரிமை வழக்கில் வென்ற ஐரீன் குரூட்பூம், 2008இல் வீடு கிடைக்காமலேயே இறந்துபோனார். அது எங்களுக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் நிற்க இடமில்லாதவர்களுக்கான அவசர வீட்டுத் திட்டம் அங்கே வந்தது. அரசியலமைப்பில் அந்த ஒரு பிரிவு இல்லாமல் இருந்திருந்தால், அந்த அம்மா எதைக் காட்டி வழக்குப் போட்டிருப்பார்? அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.