கேன்சர் என்றால் நண்டு! அப்படியானால் தமிழ் ஏன் 'புற்று' என்றது?

வணக்கம். பள்ளிக்கூடத்தில் கடகரேகை படித்திருப்பீர்கள். ஆங்கில மேப்பில் அதே கோட்டுக்கு 'டிராபிக் ஆஃப் கேன்சர்' என்று பெயர். பூமியில் போகும் ஒரு கோட்டுக்கும் நாம் பயப்படும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? ஒரு நண்டுதான் சம்பந்தம்!

எனக்கு இந்தக் கேள்வி வந்தது வேலூரில், ஒரு டீக்கடை வாசலில். போளூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "தம்பி, இதுல கார்சினோமான்னு போட்டிருக்குதே, அது கேன்சரா, வேறயா?" என்று கேட்டார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

(திரையில்: கிரேக்க எழுத்தில் 'கார்கினோஸ்')

வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் இந்தக் கட்டிகளை கார்கினோஸ், கார்கினோமா என்றார்கள். கார்கினோஸ் என்றால் நண்டு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி செல்சஸ் தன் மருத்துவ நூலில் அதை லத்தீன் நண்டாக மாற்றினார். அதுதான் கேன்சர். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், 'திரட்சி' என்ற பொருளில் ஓன்கோஸ் என்ற கிரேக்கச் சொல்லையும் கட்டிகளுக்குப் பயன்படுத்தினார். ஆஸ்பத்திரியில் கேன்சர் பிரிவின் போர்டில் பார்க்கும் 'ஆன்காலஜி' அங்கிருந்து வந்தது. அந்த அம்மா கேட்ட கார்சினோமா, கேன்சரிலேயே ஒரு பெரிய வகை. தோலிலும் உள்ளுறுப்புகளின் மேல் படலத்திலும் தொடங்குவது. அவ்வளவுதான் வரலாறு.

ஏன் நண்டு? அதற்கு கேலனே காரணம் சொல்லியிருக்கிறார். மார்பில் வரும் கட்டியைப் பாருங்கள், நடுவில் உடம்பு, இரண்டு பக்கமும் கால்கள் நீண்டதுபோல் புடைத்த ரத்தக்குழாய்கள், அச்சு அசல் நண்டு என்கிறார். ஸ்கேன் இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. கண்ணும் விரலும்தான் கருவி. வயல் வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓடு கல்லாக இருக்கும், பிடித்தால் விடாது.

இந்த நண்டு உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் நண்டும் அதுதான், நோயும் அதுதான். அரபியில் சரதான், அதுவும் இரண்டுக்கும். அதே சொல்தான் உருதுவிலும். வங்காளத்தில் கர்கட ரோகம் என்று எழுதுவார்கள். அந்தக் கர்கடம் சம்ஸ்கிருத நண்டு, கிரேக்கக் கார்கினோஸுக்கு வேரில் உறவு. யோசித்துப் பாருங்கள். வேலூர் ஆஸ்பத்திரித் தெருக்களில் ஒரே பெஞ்சில் கொல்கத்தாக்காரரும் உருது பேசும் வாணியம்பாடி பாயும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் மொழியிலும் அந்த நோய்க்குப் பெயர் நண்டு. பக்கத்தில் இருக்கும் நம் ஆள் மட்டும் 'புற்று' என்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இதுதான்.

(திரையில்: வேப்பமரத்தடிப் புற்று)

சரி, புற்றுக்கு வருவோம். நமக்குப் புற்று கும்பிடுகிற இடம். மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, பால் ஊற்றுவோம். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கும் இடத்திலேயே முன்பு தண்ணீர் சூழ்ந்த ஒரு பெரிய புற்று இருந்ததாகத்தான் கதை. அப்படிப்பட்ட சொல் எப்படி ஒரு நோய்க்குப் போனது?

கொல்லையில் புற்றை வெட்டியவர்களைக் கேளுங்கள். வெளியே தெரிவது இடுப்பளவு மண். மண்வெட்டி போட்டால் உள்ளே விரல் நுழைகிற துளைகள், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து எங்கெங்கோ போகும். மேட்டைத் தட்டிச் சமமாக்கிவிட்டு வருவீர்கள். அடியில் தாய்க் கறையான் உயிரோடு இருந்தால் மறுபடி மண் எழும்பிவிடும். மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் எடுத்தால் போதாது என்பது நம் விவசாயிக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். இன்றைக்கு அறுவை மருத்துவர் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கிறாரே, அப்புறம் கீமோ கொடுக்கிறார்களே, அதுவும் இதே காரணத்துக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத செல் ஒன்றிரண்டு தங்கியிருந்தால் திரும்ப வளரலாம். அதனால் சொல்கிறேன், நண்டைவிடப் புற்றுதான் பொருத்தமான பெயர். மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். கட்டி எல்லாம் புற்று இல்லை. திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் அதை முடிவு செய்யும். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தயவுசெய்து தனியாக வைக்காதீர்கள். நம் பக்கத்தில் பெயரைச் சொல்லவே பயந்து 'அந்த வியாதி' என்பார்கள். அந்த அம்மாவும் கேன்சர் என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். பெயரைச் சொல்லிக் கேட்டால்தானே டாக்டரிடம் அடுத்த கேள்வி கேட்க முடியும்?

வீடியோ பிடித்திருந்தால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த நோயை என்ன பெயரில் சொல்வார்கள் என்றும் எழுதுங்கள். முக்கியமாக ஆம்பூர், மேல்விஷாரம், வாணியம்பாடிக்காரர்களே, உங்கள் நன்னிமா, அதாவது பாட்டி, சரதான் என்றுதான் சொல்வாரா?