முடக்கத்தின் செலவை யார் கொடுத்தார்கள்?

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் கொரோனா ஊரடங்கைப் பற்றி ‘உயிரா, பொருளாதாரமா?’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் பட்டிமன்றம் ஞாபகம் வந்தது. இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர், கடைசியில் இரண்டுமே முக்கியம் என்று ஒரு தீர்ப்பு, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் அப்படிப் பேசப் போவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேறொரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கட்சி. முடக்கினால் செலவு ஆகும், சரி, அந்தச் செலவை யார் கொடுத்தார்கள்? அந்த விலைக்கு என்ன வாங்கினோம்?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார், நள்ளிரவு 12 மணி முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். நம் மாநிலத்தில் அன்று மாலை 6 மணிக்கே 144 போட்டாகிவிட்டது. அன்றைக்கு நாடு முழுவதும் உறுதியான தொற்று சுமார் 500தான். 21 நாள் என்று ஆரம்பித்தது மே 3, மே 17, மே 31 என்று நீண்டு 68 நாள் ஆனது, முடியும்போது தொற்று எண்ணிக்கை 1.8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ‘500 இருந்தபோது பூட்டினார்கள், ஒன்றே முக்கால் லட்சம் தாண்டியதும் திறந்தார்கள்’ என்று அப்போது வாட்ஸ்அப்பில் கிண்டல் ஓடியது. கிண்டலில் ஒரு தப்பு இருக்கிறது. ஊரடங்கு வைரஸைக் கொல்லாது, அது பரவும் வேகத்தைத்தான் குறைக்கும், அதாவது நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும். அதனால் திறந்த நாளில் எத்தனை தொற்று என்று பார்ப்பதைவிட, அந்த 68 நாளில் என்ன செய்தோம் என்று பார்ப்பதுதான் நியாயம்.

சும்மா இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் இந்தத் தொற்றைப் பரிசோதிக்க நாட்டில் இருந்த ஆய்வுக்கூடம் ஒன்றே ஒன்று, புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். ஜூன் முடிவதற்குள் ஆயிரம் ஆய்வுக்கூடங்கள் ஆகிவிட்டன. மருத்துவர்களும் செவிலியர்களும் அணியும் முழுக்கவச உடை அதற்கு முன் இங்கே அநேகமாகத் தயாராகவே இல்லை, மே மாதத்தில் தினமும் லட்சக்கணக்கில் தைத்தார்கள். அந்தத் துணியைச் சோதித்துச் சான்று கொடுத்த இடங்களில் கோயம்புத்தூரில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவும் ஒன்று. திருப்பூரில் பனியன் தைத்த மெஷின்கள் முகக்கவசம் தைத்தன. ஆகவே 2020 மார்ச்சில் முடக்கியதே தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இத்தாலியில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததை உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் பொருளாதாரம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று முதல் மதிப்பீடு வந்தது. இதைக் காட்டித்தான் ‘பாருங்கள், ஊரடங்கு போட்டுக் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறார்கள். அந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது, ஊரடங்கு போடாமல் இருந்திருந்தால் கடைத்தெரு வழக்கம்போல் நடந்திருக்கும் என்று. நடந்திருக்குமா?

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. டென்மார்க் கடைகளை மூடச் சொன்னது, பக்கத்து ஸ்வீடன் பெரிய அளவில் மூடவில்லை. வங்கிக் கணக்குகளை வைத்து மக்கள் செலவழித்ததை ஒப்பிட்டார்கள் சில பொருளாதார ஆய்வாளர்கள். டென்மார்க்கில் செலவு 29 சதவீதம் குறைந்தது. திறந்தே இருந்த ஸ்வீடனில்? அங்கும் 25 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சிவர்சன் என்று இரண்டு பேராசிரியர்கள் செல்போன் இருப்பிடத் தகவலை வைத்துக் கணக்குப் போட்டார்கள், கடைகளுக்குப் போவது 60 சதவீதம் குறைந்திருந்தது, அதில் அரசு உத்தரவால் குறைந்தது 7 சதவீதப் புள்ளிதான் என்று வந்தது. மீதி பெரும்பாலும் பயம். நோய் தெருவில் நடமாடினால் சினிமா தியேட்டரைத் திறந்து வைத்தாலும் யாரும் போக மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். 2020இல் ஸ்வீடனில் இறப்பு விகிதம் டென்மார்க், நார்வே, பின்லாந்தைவிடப் பல மடங்கு அதிகம், அந்த உயிர்களைக் கொடுத்து ஸ்வீடன் பொருளாதாரத்தில் பெரிதாக எதையும் மிச்சம் பிடித்துவிடவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் வென்றுவிட்ட மாதிரி இருக்கும். நிறுத்த முடியாது, ஏனென்றால் ஸ்வீடன் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது. பயந்து வீட்டில் உட்கார்வதற்கும் வசதி வேண்டும். மாதச் சம்பளம் வங்கியில் விழுகிறவர் பயப்படலாம். அன்றாடங்காய்ச்சி பயந்தால் அடுப்பு எரியாது. அவரை வீட்டுக்குள் உட்கார வைத்தது பயமில்லை, போலீஸ்தான். அதனால் நம் நாட்டில் உத்தரவின் பங்கு அமெரிக்காவைவிட நிச்சயம் அதிகம்.

ஏப்ரல் மாதத்தில் மட்டும் 12 கோடிப் பேருக்கு மேல் வேலை போனதாக சிஎம்ஐஇ என்ற தனியார் பொருளாதாரப் புள்ளிவிவர நிறுவனம் கணக்கிட்டது. அதில் பெரும் பகுதி சிறு வியாபாரிகளும் தினக்கூலிகளும். இவர்களுக்குக் கிடைத்தது என்ன? மத்திய அரசு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாகத் தந்தது, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் போட்டது. தமிழ்நாடு அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது, ரேஷன் பொருள் இலவசம். சென்னையில் அம்மா உணவகங்கள் பலருக்குச் சோறு போட்டன, அதை மறக்கக் கூடாது. ஆனால் 1,000 ரூபாய் எத்தனை நாளுக்கு வரும்? சென்னையில் ஓர் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறவரைக் கேளுங்கள்.

கையில் பணமும் இல்லை, இருக்கிற ஊரில் ரேஷன் அட்டையும் இல்லை என்றால் ஒருவர் என்ன செய்வார்? ஊருக்கு நடப்பார். நடந்தார்கள். மே 8 அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. ரயில் ஓடாது என்று நம்பிப் படுத்தவர்கள். ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1ஆம் தேதிதான் ஓட ஆரம்பித்திருந்தன. ரேஷன் அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் தானியம் தருகிறோம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14, ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாள் ஆன பிறகு. தானியம் இல்லாமலா? மார்ச்சில் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பு 7.7 கோடி டன். அதைத் தற்காலிக அட்டை போட்டுக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் அமர்த்தியா சென்னும் ரகுராம் ராஜனும் அபிஜித் பானர்ஜியும் சேர்ந்து ஏப்ரலிலேயே எழுதினார்கள். கிடங்கில் இருந்த தானியம் பசித்தவருக்குப் போய்ச் சேராததற்கு வைரஸ் காரணமில்லை.

செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், ஊருக்குத் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று. அப்படி ஒரு புள்ளிவிவரம் வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தது.

இங்கே இருந்துதான் என் முக்கியமான வாதம் வருகிறது. செலவுக்குப் பணம் தராத ஊரடங்கு, சுகாதார நடவடிக்கையாகவும் தோற்றுவிடும். இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை. தொற்றுநோய்க் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு அதற்குள் தொற்று வந்து போயிருந்தது, மற்ற பகுதிகளில் 16 சதவீதம். ஒரே நகரம், ஒரே உத்தரவு. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர், தெருவுக்கொரு பொதுக் கழிப்பறை, இதில் யாருக்கு எப்படிச் சமூக இடைவெளி?

சென்னையில் நம் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூட இல்லை என்று இரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள். ஏப்ரல் 25ஆம் தேதி கோயம்பேட்டில் தீபாவளிக் கூட்டம். அப்புறம் மார்க்கெட்டே தொற்று மையமாகி, கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று லாரியில் ஊர் திரும்பியவர்களோடு நோயும் போய் இறங்கியது. மே 5இல் மார்க்கெட்டை மூடி, சென்னைக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றினார்கள். கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது.

போலீஸைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய அப்பாவையும் மகனையும், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் 2020 ஜூன் 19 அன்று காவல்நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். சுகாதாரத் துறை செய்ய வேண்டிய வேலையை லத்தியிடம் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

சரி, உயிர் ஒரு பக்கம் பொருளாதாரம் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது என்பதற்கு இன்னொரு கணக்கு. 2019இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறிந்து பதிவுசெய்த காசநோயாளிகள் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். காசநோய் குறைந்துவிட்டது என்று யாரும் சந்தோஷப்படவில்லை. பஸ் இல்லை, புறநோயாளிப் பிரிவு இல்லை, இருமினால் கொரோனா என்று பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயம், ஆகவே ஆறு லட்சம் பேர் கணக்கிலேயே வரவில்லை. இது எந்தப் பக்கத்துச் செலவு? உயிரா, பொருளாதாரமா?

அடுத்து நான் கொஞ்சம் கோபமாகப் பேசப்போகிற இடம். எதை முதலில் திறக்கிறோம் என்பதில் ஓர் அரசின் மனம் தெரிந்துவிடும். 2020 மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி மே 16இல் மறுபடி திறந்தது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம், ஜிஎஸ்டி பங்கு சரியாக வராத நேரம், கஜானா காலி, எல்லாம் எனக்குப் புரிகிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி எப்போது திறந்தது? 2021 நவம்பர் 1. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். ஆட்சியே மாறிவிட்டது, தியேட்டர் திறந்தது, தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் நடந்தன, இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல். அதைச் சரிசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டமே போட வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு ஓட்டும் இல்லை, அவர்களால் வருமானமும் இல்லை. இரண்டாவது அலை முடிந்த பிறகும் பள்ளிகளை மூடியே வைத்திருந்ததை என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

2021 மே மாதத்தை 2020 மார்ச்சோடு ஒப்பிட்டால் அரசும் ஓரளவு கற்றுக்கொண்டது தெரிகிறது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 தொற்று, அதுதான் உச்சம். மே 24இல் தளர்வில்லாத ஊரடங்கு. ஆனால் அதற்கு முன் இரண்டு நாள் இரவு 9 மணி வரை கடைகளையும் பஸ்களையும் விட்டார்கள் (கூட்டம் நெரிந்தது, அதுவும் உண்மை), காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன, அரிசி அட்டைக்கு இரண்டு தவணையில் 4,000 ரூபாய் வந்தது. ஆயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம், ஒரு வீட்டுக்காரர் பத்து நாள் வெளியே போகாமல் இருப்பதற்கும் மூன்றாம் நாளே சந்துக்குள் புகுந்து வேலைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பணத்தை ‘இலவசம்’ என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. தடுப்பூசிக்குச் செலவு செய்வது இலவசமா? இதுவும் அதே கணக்கில்தான் வரவேண்டும்.

அடுத்த தொற்று வரும்போது இதே தலைப்பில் இன்னொரு கூட்டம் போடுவீர்கள், அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் வந்தது, எந்த ஊரிலும் ரேஷன் வாங்கும் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. நல்லது. ஆனால் பெயர் பதிவாகியிருப்பது வேறு, வேலை நின்ற மறுநாள் கணக்கில் பணம் விழுவது வேறு. எத்தனை நாள் முடக்கினால் எவ்வளவு பணம், எந்தத் தேதியில், வேறு மாநிலத்துக்காரருக்கும் உண்டா என்பதைச் சட்டமாகவே எழுதி வைக்கலாம், உத்தரவு போடுகிற அன்றைக்கே அது தானாக நடைமுறைக்கு வரும்படி. நகரத்துக்கும் நூறு நாள் வேலை மாதிரி ஒன்று வேண்டும் என்று 2020 செப்டம்பரிலேயே, முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு தமிழ்நாடு அரசுக்குப் பரிந்துரை செய்தது. அதை முழு அளவில் கேட்டு வாங்குவதற்கு இன்னொரு வைரஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த பட்ஜெட் போதும்.