மொட்டைமாடிக் காற்றாலையும் கணினிக் கணக்கும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காற்றாலை என்றதும் நமக்கு முப்பந்தலும் ஆரல்வாய்மொழிக் கணவாயும்தான் நினைவுக்கு வரும். பருவக்காற்று கணவாய் வழியே பாய்ந்து வரும் அந்த மண்ணுக்கும், பாறைக் குன்றுகள் சூழ்ந்த நம் வேலூருக்கும் காற்றைப் பொறுத்தவரை ஒப்பே கிடையாது. ஆயினும், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வீட்டு மொட்டைமாடியில் சிறு காற்றாலை ஒன்றை நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் செங்குத்து அச்சுக் காற்றாலைதான். அவற்றுள் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியு 1920-களில் வடிவமைத்த வகை, நட்டுவைத்த அச்சைச் சுற்றி இறக்கைகள் ஓடுவதால், காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் சுழலும். கட்டடங்களில் மோதிக் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும் நகரத்துக்கு அது பெரிய வசதி.

வெளித்தோற்றத்துக்கு எளிமையான இந்தக் கருவியின் உள்ளே நடப்பது எளிமையானதன்று. இறக்கையின் வேகம் காற்றின் வேகத்தைப்போல் இரு மடங்கு என்று கொள்வோம். ஒரு புறம் இறக்கை காற்றை எதிர்த்து ஓடுகிறது. மறுபுறம் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. ஆகவே, வெளியே காற்று விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சீராக வீசினாலும், இறக்கை உணரும் வேகம் ஒரே சுற்றுக்குள் 12 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்குகிறது. காற்று இறக்கையைச் சந்திக்கும் தாக்குகோணமோ ஒரு பக்கம் 30 பாகை வரை உயர்ந்து, சுழியத்தைக் கடந்து, மறுபக்கமும் அதே அளவுக்குப் போகிறது. சாதாரண இறக்கை வடிவம் இதில் பாதிக் கோணத்திலேயே காற்றோட்டத்தின் பிடியை இழந்துவிடும். ஆனால் கோணம் விரைந்து மாறும்போது, இறக்கையின் முன்விளிம்பில் ஒரு காற்றுச் சுழல் திரண்டு, சிறிது நேரம் விசையைக் கூட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு கழன்று ஓடுகிறது. அது கழன்ற கணத்தில் அச்சைச் சுழற்றும் முறுக்குவிசை சரிகிறது. கழன்ற சுழல் காற்றோடு பின்னே சென்று, அங்கே சுற்றிவரும் இறக்கைகளையும் அலைக்கழிக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. காகிதத்தில் கணக்கிட்டும் முடிக்க முடியாது. ஆகையால்தான் காற்றாலையைச் சுற்றியுள்ள வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை ஒவ்வொரு கட்டத்திலும் கணினியைக் கொண்டு தீர்க்கிறோம். வெளியே கட்டங்கள் பெரிதாக இருக்கலாம். இறக்கையின் தோலை ஒட்டிய முதல் கட்டம் மட்டும் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். காற்று இறக்கையை விட்டுப் பிரிகிறதா இல்லையா என்பது அந்த மெல்லிய படலத்துக்குள்தான் முடிவாகிறது. இறக்கைகள் அடங்கிய வட்டமான பகுதியை அரைப் பாகை அரைப் பாகையாகச் சுழற்றினால், ஒரு சுற்றுக்கு 720 படிகள். 1.2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைக்கு, நான் சொன்ன வேகத்தில், 20 சுற்று என்பது பத்து விநாடிகூட ஆகாத நிகழ்ச்சி. கணினிக்கோ அது 14,400 படிகள்.

அந்த இருபது சுற்றும் தேவையா என்று மாணவர்கள் கேட்பார்கள். தேவைதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. காற்றாலைக்குப் பின்னே, வேகம் குறைந்து கலங்கிய காற்றுத் தடம் முழுமையாக உருவாகாத தொடக்கச் சுற்றுகளில், இறக்கைக்குப் புதுக்காற்று தாராளமாகக் கிடைப்பதால், திறன் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். இறக்கையின் குறுக்குவெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரு பரிமாணக் கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. இறக்கை நுனியில் கசியும் காற்றும், இறக்கையைத் தாங்கும் கைகளின் இழுவையும் அதில் இடம்பெறுவதில்லை. கட்டங்களை இன்னும் நுணுக்கினால் விடை மாறுகிறதா என்று பார்க்காத, காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் அளவீட்டோடு ஒப்பிடாத, கணினி தரும் எந்த வண்ணப்படத்தையும் நான் முடிவாக ஏற்பதில்லை.

நம் ஊருக்கே உரிய திருத்தங்களும் உண்டு. காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.225 கிலோ என்று பாடநூல்கள் தருவது 15 பாகை வெப்பத்தில், கடல்மட்டத்தில். வேலூரின் 40 பாகை வெயிலில், இவ்வளவு உயரத்தில், அது ஏறக்குறைய 1.1 தான். திறனில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடுகிறது. மேலும், சிறிய இறக்கையும் மெல்லிய காற்றும் சேரும்போது காற்றின் ஓட்டத்தில் பிசுபிசுப்பின் பங்கைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 50,000 அளவுக்கு இறங்கிவிடும். விமான இறக்கைக்குப் பொருந்தும் கொந்தளிப்பு மாதிரியை, அதாவது காற்றின் சிறு சுழல்களைத் தோராயமாகக் கணக்கிடும் முறையை, அப்படியே இங்கே போட்டால் விடை பிசகும்.

இனி கணக்கைப் பாருங்கள். 1.2 மீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட காற்றாலை காற்றின் ஆற்றலில் 30 விழுக்காட்டைப் பிடிப்பதாகவே வைத்துக்கொள்வோம். சிறு காற்றாலைக்கு அது நல்ல தேர்ச்சி. 12 மீட்டர் வேகக் காற்றில் அது ஏறக்குறைய 510 வாட் தரும். 4 மீட்டர் வேகத்தில் தருவது 19 வாட். காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கானால் திறன் 27-இல் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே காற்றாலை வாங்க எண்ணுவோர், அதில் எழுதியிருக்கும் வாட் அளவு எந்தக் காற்றுவேகத்துக்கு உரியது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். உங்கள் மாடியில் காற்றுவேகமானி ஒன்றை ஆடி மாதமும் மார்கழியும் உட்பட ஓராண்டு வைத்து அளந்த பிறகு, அந்த எண்களோடு வாருங்கள். உங்கள் மாடிக்கு எந்த இறக்கை, எத்தனை இறக்கை என்பதை அப்போது கணினியில் பார்த்துச் சொல்ல முடியும்.

நன்றி, வணக்கம்.